பெயர் வைக்க முன்னமே செத்துப்போன தவளைகள்

2007ஆம் ஆண்டில் இலங்கையின் இரண்டு "புதிய" மரத்தவளை இனங்களுக்கு விஞ்ஞானிகள் பெயர் வைத்தார்கள். ஒன்றின் பெயர் மையா, மற்றதின் பெயர் பார்டஸ். புதிய இனம் எண்டவுடன் யாரோ மழைக்காட்டுக்குள் ரோர்ச் லைற்றோடு போய்ப் பிடித்த கதையாக இருக்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் இந்த இரண்டு தவளைகளும் காட்டில் கிடைக்கவில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், மதுசாரம் நிரப்பிய போத்தல்களுக்குள் கிடைத்தன. 1876க்கு முன்னர் இலங்கையில் பிடித்து அனுப்பப்பட்டவை. நூற்று முப்பது வருடத்துக்கு மேலாக அவை தனி இனங்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

மையா இனத்துப் பெண் தவளையின் உடலோடு முட்டைகள் இன்னும் ஒட்டியபடி இருந்தன. அதே இனத்தை இன்றைய இலங்கைக் காடுகளில் தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. ஆகவே பெயர் வைத்த அதே கட்டுரையில் "அழிந்துவிட்டது" என்றும் எழுத வேண்டியதாயிற்று. பிறப்புச் சான்றிதழும் மரணச் சான்றிதழும் ஒரே நாளில் கிடைத்த மாதிரி.

ஒரு இனத்துக்குப் பெயர் வைப்பது என்றால் என்ன, அதை யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்ற கேள்விகளை இந்தத் தவளைகளை வைத்துக்கொண்டு கொஞ்சம் கதைக்கலாம். பார்க்கச் சின்ன விசயம் போலத்தான் இருக்கும். தோண்டினால் கோப்பி, தேயிலை, 1848 கலகம், மலையகம் எல்லாம் வெளியில் வரும்.

முதலில், எந்தத் தவளை?

வடக்கு கிழக்கில் கிணற்றடியிலும் குளியலறைச் சுவரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் மரத்தவளையை எல்லாருக்கும் தெரியும். அது பெரியது. தண்ணீருக்கு மேலே நுரைக்கூடு கட்டும், வாற்பேய்கள் தண்ணீருக்குள் விழுந்து வளரும். நான் சொல்லவந்தது அதன் சொந்தக்காரர்களைப் பற்றி. மத்திய மலைநாட்டிலும் சிங்கராஜா போன்ற ஈரவலயக் காடுகளிலும் வாழும் சின்னஞ்சிறு தவளைகள். பல இனங்கள் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. விஞ்ஞானப் பெயர் சூடோபிலாட்டஸ். பற்றைகளுக்குள்ளும் செடி கொடிகளிலும் இருப்பதால் பற்றைத்தவளை என்று வைத்துக்கொள்வோம்.

இவற்றுக்கு வாற்பேய்ப் பருவமே கிடையாது. பாடசாலையில் நாங்கள் படித்த முட்டை, வாற்பேய், தவளை என்ற வட்டம் இவற்றுக்குப் பொருந்தாது. பெரும்பாலான இனங்களில் பெண் தவளை ஈர மண்ணில் சின்னக் குழி தோண்டி முட்டையிட்டு, மண்ணோடு கலந்து மூடிவிடும். ஒரு சில இனங்கள் இலையில் ஒட்டிவிடும. முட்டைக்குள்ளேயே முழு வளர்ச்சியும் முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியில் வரும். குளம், ஓடை தேவையில்லை. ஆனால் ஈரம் வேண்டும். காடு வெட்டுப்பட்டு மண் காய்ந்தால் முட்டையும் காயும். இந்த ஒரு விசயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இவற்றின் மூதாதையர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். மூன்று கோடி வருடங்களுக்கு முன்னர், உலகம் குளிர்ந்து கடல் மட்டம் இறங்கிய காலத்தில், தரைவழியாக இங்கே வந்து சேர்ந்தன என்று மரபணு ஆய்வுகள் சொல்லுகின்றன. வந்தவை இங்கே எழுபதுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பிரிந்தன. அதோடு கதை முடியவில்லை. பிற்காலத்தில் ஒரு கிளை திரும்பவும் இந்தியாவுக்குப் போயிருக்கிறது. அதன் வாரிசுகள் மூன்று இனங்களாக இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழுகின்றன. அதில் ஒன்றுக்கு, அந்த மலைகளில் வாழும் காணி பழங்குடி மக்களின் பெயரால் "காணி" என்றே பெயர். யார் எங்கேயிருந்து வந்தது, யார் முதலில் வந்தது என்று இரண்டு பக்கமும் சண்டை பிடிக்கிற நாட்டில், இந்தத் தவளைகள் போயும் வந்தும் இருந்திருக்கின்றன.

கோப்பிக் காலத்து விஞ்ஞானம்

இலங்கைத் தவளைகளை விஞ்ஞான முறைப்படி எழுதிவைத்த முன்னோடிகளில் முக்கியமானவர் எட்வர்ட் பிரெட்ரிக் கெலாட். 1819இல் இலங்கையில் பிறந்தவர், இராணுவ வைத்தியர். 1852இல் இலங்கை விலங்குகள் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். பிற்பாடு முத்துச்சிப்பிகளைப் பற்றியும் அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். 1860இல் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கப்பலிலேயே இறந்துபோனார்.

1853இல் கெலாட் நுவரெலியாவில் கிடைத்த ஒரு தவளைக்கு "ஸ்டெல்லாட்டா" என்று பெயர் வைத்தார். உடம்பில் வெள்ளி தெளித்த மாதிரிப் புள்ளிகள், அதனால் அந்தப் பெயர். அவர் எழுதிவைத்தது சில வரிகள்தான். அந்தத் தவளையின் உடலும் பிற்காலத்தில் தொலைந்துபோனது.

கெலாட் இதை எழுதிய நேரத்தில் மலைநாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1820களில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை முழு வேகத்தில் இருந்தது. 1840இல் கொண்டுவந்த முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட முடியாத காடுகளையும் சேனை நிலங்களையும் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்றது. அரசாங்கம் அதைத் தோட்டக்காரர்களுக்கு விற்றது. வாங்கியவர்களில் அரசாங்க அதிகாரிகளே பலர். 1848இல் மாத்தளையில் கலகம் வெடித்தது. அதன் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழ்நாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கொண்டுவரப்பட்ட சனம் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்துகொண்டிருந்தது. வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை.

1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் வந்தது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867இலேயே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். அதற்குப் பிறகு மிச்சமிருந்த மலைக்காடும் மேலே மேலே வெட்டுப்பட்டது.

ஆக, தவளைகளை எண்ணத் தொடங்கிய காலமும் அவற்றின் காட்டை வெட்டத் தொடங்கிய காலமும் ஒன்று. ஒரே கப்பலில் கோப்பியும் போனது, போத்தலில் அடைத்த தவளையும் போனது. போத்தல்களில் ஒட்டிய சீட்டில் பல தடவை "சிலோன்" என்று மட்டும்தான் எழுதியிருக்கும். எந்த மலை, எந்த ஓடை என்று இருக்காது. அனுப்பியவரின் பெயர் இருந்தால் அது துரையின் பெயராகவோ அதிகாரியின் பெயராகவோ இருக்கும். அந்தத் தவளையை உண்மையில் கையால் பிடித்துக் கொடுத்தது யார்? காட்டை வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளியா, பக்கத்து ஊர்ப் பெடியனா? அதை ஒரு சீட்டும் சொல்லாது.

திம்புள்ளப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அது தேயிலைக்குப் பேர்போன இடம். 1940இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து அருங்காட்சியகத்தில் வேலை செய்த பெஞ்சமின் ஷ்ரீவ் என்பவர், திம்புள்ளத் தோட்டமொன்றில் கிடைத்த ஒரு தவளைக்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார். அந்த இனம் இன்று அழிந்தவை பட்டியலில் இருக்கிறது. ஊரின் பெயரைச் சுமந்த தவளை ஊரில் இல்லை. அந்தத் தோட்டங்களில் லயன்களில் வாழ்ந்த எங்கட ஆக்கள், அந்தத் தவளையின் சத்தத்தை இரவில் கேட்டிருப்பார்கள். அவர்களிடம் அதற்கு ஒரு பெயர்கூட இருந்திருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை, அதனால் ஒருவரும் எழுதவில்லை.

மறுபடி எண்ணியவர்கள்

சுதந்திரத்துக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1990களின் நடுப்பகுதி வரைக்கும் இலங்கையில் மொத்தமாக ஐம்பத்துச் சொச்சம் தவளை, தேரை இனங்கள் இருக்கின்றன என்றுதான் புத்தகங்கள் சொல்லின. 1990களில் ரொஹான் பெத்தியாகொடவும் கெலும் மனமேந்திர ஆரச்சியும் அவர்களோடு சேர்ந்தவர்களும் மலைமலையாக ஏறி இரவு இரவாகத் தேடினார்கள். கணக்கு இடித்தது. ஒரே இனம் என்று நினைத்தவை பல இனங்களாகத் தெரிந்தன. 2002இல் மாதவ மீகஸ்கும்புரவும் சகாக்களும் மரபணுச் சான்றுகளோடு "சயன்ஸ்" இதழில் எழுதினார்கள்: இந்தச் சின்னத் தீவில் தவளை இனங்கள் நூறைத் தாண்டும். உலகமே திரும்பிப் பார்த்த கட்டுரை அது.

ஆனால் "இருக்கின்றன" என்று சொல்வது வேறு, ஒவ்வொன்றையும் முறைப்படி விவரித்துப் பெயர் வைப்பது வேறு. அதற்கு இன்னும் மூன்று வருடம் எடுத்தது. 2005இல் ஒரே ஆய்விதழின் ஒரே சிறப்பிதழில், ஒரு கட்டுரையில் 27 புதிய பற்றைத்தவளைகள், இன்னொரு கட்டுரையில் 8, மொத்தம் 35 இனங்கள் விவரிக்கப்பட்டன.

ஏன் அவ்வளவு காலம்? வேலை என்ன எண்டு பார்ப்போம்.

ஒரு தவளை புதிய இனம் என்று சொல்ல, அது பழைய இனம் இல்லை என்று முதலில் காட்ட வேண்டும். விலங்குகளுக்குப் பெயரிடுவதற்குச் சர்வதேச விதிக்கோவை ஒன்று இருக்கிறது. அதன் அடிப்படை விதி: முதலில் வைத்த பெயர்தான் செல்லும். கெலாட் 1853இல் வைத்த பெயர் நீங்கள் பிடித்த தவளைக்குத்தான் உரியது என்றால், உங்கள் புதுப் பெயர் செல்லாது. எனவே லண்டன், பெர்லின் என்று ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போய், நூறு நூற்றைம்பது வருடப் பழைய போத்தல்களைத் திறந்து, ஒவ்வொரு பழைய பெயரும் எந்த உடலுக்குரியது என்று பார்க்க வேண்டும். மதுசாரத்தில் கிடந்தால் பச்சை நிறம் எல்லாம் போய்விடும். உயிரோடு பச்சைப்பசேல் என்று இருந்த தவளை போத்தலில் வெளிறிப்போய்க் கிடக்கும். இலங்கைத் தவளையைப் பற்றி இலங்கையர் எழுத லண்டனுக்கு விசா எடுக்க வேண்டும். அதுவும் காலனித்துவம் விட்டுப்போன சொத்துத்தான்.

அடுத்தது அளவெடுத்தல். இடுக்கிமானியால் மில்லிமீற்றர் கணக்கில்: மூக்கு நுனியிலிருந்து கழிவாய் வரை நீளம், கண்ணின் விட்டம், செவிப்பறை தெரிகிறதா இல்லையா, விரல் நுனி வட்டுக்களின் அகலம், கால்விரல்களுக்கிடையில் சவ்வு எதுவரை போகிறது, தோலில் முட்கள் போன்ற புடைப்புகள் எங்கே இருக்கின்றன. நிறத்தை மட்டும் நம்ப முடியாது. ஒரே இனத்திலேயே ஒன்று கோடு போட்டும், ஒன்று புள்ளி போட்டும், ஒன்று ஒன்றுமே இல்லாமலும் இருக்கும்.

பிறகு சத்தம். ஆண் தவளை பெண்ணைக் கூப்பிடும் ஒலி இனத்துக்கு இனம் வேறுபடும். அதை ஒலிப்பதிவு செய்து, எத்தனை துடிப்பு, என்ன அதிர்வெண் என்று வரைபடமாகப் பார்க்கிறார்கள். கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும் இரண்டு தவளைகள் காதுக்கு வேறாக இருக்கலாம். இறுதியாக மரபணு. இழைமணி மரபணுவின் ஒரு துண்டை எடுத்து மற்ற இனங்களோடு ஒப்பிட்டு, வேறுபாடு எவ்வளவு என்று பார்ப்பது.

இவ்வளவும் முடிந்தபின் ஒரு தவளையை மூல மாதிரியாகக் குறிக்க வேண்டும். அந்த ஒரு உடல்தான் அந்தப் பெயரின் சொந்தக்காரர். எதிர்காலத்தில் சந்தேகம் வந்தால் அதைத்தான் திறந்து பார்ப்பார்கள். அதாவது ஒரு இனத்தைக் காப்பாற்றப் பெயர் வைக்க, அந்த இனத்தில் சிலதைக் கொல்ல வேண்டியிருக்கிறது. இது சரியா என்று உலகம் முழுக்க விஞ்ஞானிகளே வாதாடுகிறார்கள். புகைப்படமும் ஒரு துளி இழையமும் போதாதா என்று ஒரு பக்கம். கெலாட்டின் தவளை தொலைந்ததால் வந்த குழப்பத்தைப் பாருங்கள் என்று மறு பக்கம். என்னைக் கேட்டால் இரண்டாவது பக்கத்தில் நியாயம் கூட. சில தவளைகள் அருங்காட்சியகத்துக்குப் போனதால் ஒரு இனமும் இங்கே அழியவில்லை. காடு போனதால்தான் அழிந்தன.

செத்ததும் திரும்பி வந்ததும்

பழைய போத்தல்களைத் திறந்தபோதுதான் பெரிய அதிர்ச்சி. போத்தலுக்குள் இருந்த பல இனங்கள் காட்டில் இல்லை. ஈரவலயக் காடுகளில் இருபதில் ஒரு பங்கு அளவுதான் மிஞ்சியிருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். மண்ணின் ஈரத்தில் முட்டை பொரிக்கும் தவளைக்குக் காடு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று முன்னரே சொன்னேன். உலகம் முழுவதிலும் அழிந்ததாகப் பதிவான தவளை, தேரை இனங்களில் ஏறத்தாழப் பாதி இந்தச் சின்னத் தீவைச் சேர்ந்தவை. இது எங்கட பாடப்புத்தகங்களில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய செய்தி.

இருட்டுக்குள்ளும் ஒரு வெளிச்சம் வந்தது. 2009இல் மெண்டிஸ் விக்கிரமசிங்கவின் குழு சிவனொளிபாதமலைக் காட்டில் ஒரு தவளையைக் கண்டது. உடம்பு முழுக்க வெள்ளி மாதிரிப் புள்ளிகள். கெலாட்டின் ஸ்டெல்லாட்டா! நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஒருவரும் காணாதது, "அழிந்தது" என்று எழுதி முடித்தது, உயிரோடு இலையில் இருந்தது. 2013இல் அதை உலகத்துக்கு அறிவித்தார்கள். அதே மலையில் 1876இல் பெயர் வைத்த ஹைப்போமெலாஸ் என்ற இன்னொரு "செத்த" தவளையும் கிடைத்தது. அதே ஆண்டு அதே மலையிலிருந்து இன்னும் எட்டுப் புதிய இனங்களை அவர்கள் விவரித்தார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. சூழல் விஞ்ஞானத்தில் ரோமியோ பிழை என்று ஒன்று சொல்வார்கள். ஜூலியட் செத்துவிட்டாள் என்று நம்பி ரோமியோ விசம் குடித்த கதைதான். ஒரு இனம் அழிந்துவிட்டது என்று அவசரமாக எழுதினால், அதன் காட்டைக் காப்பாற்ற ஒருவரும் கவலைப்பட மாட்டார்கள். பிறகு உண்மையாகவே அழிந்துவிடும். பெயரே இல்லாத இனத்தின் நிலை இன்னும் மோசம். சிவப்புப் பட்டியலில் அது வராது. ஒரு அணையோ வீதியோ கட்ட முன்னர் செய்யும் சூழல் மதிப்பீட்டில் அதற்கு இடமில்லை. கடதாசியில் இல்லாததை யாரும் காப்பாற்றுவதில்லை. 1948க்குப் பிறகு பிரசாவுரிமை இல்லாமல் தவித்த மலையகச் சனத்தின் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

யாருடைய பெயர்?

பெயர்களைப் பார்த்தால் அதிலும் ஒரு வரலாறு ஓடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் இலத்தீன் சொற்களும் ஐரோப்பியர் பெயர்களும். பிறகு சிங்களச் சொற்கள் வந்தன. 2009இல் ஒரு தவளைக்குக் கொம்பு என்ற பொருளில் "சிங்கு" என்று வைத்தார்கள். 2010இல் இலங்கைக்கே உரிய மரத்தவளைப் பேரினம் ஒன்றுக்கு "தருகா" என்று பெயர். மரம் ஏறி என்று பொருள். தரு என்றால் மரம் என்று எங்களுக்கும் தெரியும்தானே. 2013இல் வந்த எட்டில் ஒன்றுக்குப் புரன் அப்புவின் பெயர். கோப்பிக் காலத்தில் வெள்ளைக்காரன் சுட்டுக் கொன்றவரின் பெயர், அந்தக் கோப்பியால் காடு இழந்த தவளைக்கு. வைத்தவர்கள் யோசித்து வைத்தார்களோ தெரியாது, பொருத்தமான பெயர்.

இன்னொன்று 2015இல் வந்தது. லூல்கந்துர வனத்தில் கிடைத்த புதிய பற்றைத்தவளைக்கு டில்மா தேயிலை நிறுவனத்தின் பெயர். ஜேம்ஸ் டெய்லர் முதல் தேயிலை நட்ட அதே லூல்கந்துர. தேயிலைக்காக வெட்டின காட்டின் மிச்சத்தில் தப்பியிருந்த தவளை, ஒரு தேயிலைப் பெயரோடு விஞ்ஞானத்துக்குள் வருகிறது. அதைக் கேலியாகவும் பார்க்கலாம். இன்றைக்குச் சூழல் பாதுகாப்புக்குக் காசு எங்கேயிருந்து வருகிறது என்பதற்குச் சாட்சியாகவும் பார்க்கலாம். எனக்கு இரண்டும் சரியாகத்தான் படுகிறது.

அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களின் பெயரில் ஒரு தவளை இருக்கலாம்தானே? இது வெறும் இனப்பெருமைக்காகக் கேட்கிற கேள்வி இல்லை. தோட்டத்து எல்லையில், ஓடைக்கரையில், தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவிலிருக்கும் துண்டு நிலங்களில் இரவும் பகலும் இருப்பவர்கள் மலையகத் தமிழர்கள். மிச்சமிருக்கும் தவளைகளில் பலதின் அயலவர்கள் அவர்கள்தான். அவர்கள் மொழியில் ஒரு கைநூலும், அவர்கள் பாடசாலைகளில் இதைப்பற்றி ஒரு பாடமும் இருந்தால், அடுத்த "செத்த" தவளையை முதலில் காணப்போவது தலவாக்கலையிலோ மஸ்கெலியாவிலோ படிக்கும் ஒரு பிள்ளையாக இருக்கலாம்.

அதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. மழை பெய்த இரவில் ஒரு கைத்தொலைபேசி போதும். தவளையைப் பிடிக்க வேண்டாம். அனுமதி இல்லாமல் பிடிப்பது சட்டப்படி குற்றம், தவளைக்கும் கூடாது. படம் எடுங்கள், சத்தத்தைப் பதிவு செய்யுங்கள், இடத்தையும் திகதியையும் எழுதுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் போட்டால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். கூடவே வீட்டில் அம்மம்மாவிடம் அதற்கு என்ன பெயர் என்று கேளுங்கள். அதையும் எழுதிவையுங்கள். 1853இல் நுவரெலியாவில் அதை எழுதிவைக்க ஒருவரும் இருக்கவில்லை.